ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 வாங்கட்டுமா, பொறுக்கட்டுமா? துறையூர் தம்பியோட கேள்விக்குப் பதில்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 23 வயசு. இன்ஜினியரிங் முடிச்சிட்டு இப்போ துறையூர்ல அப்பாவோட பெயிண்ட் கடையப் பாத்துக்கிறேன். சிபிஎல், அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் பண்ணி பைலட் ஆகணும்ங்கிறது சின்ன வயசு ஆசை, அடுத்த வருஷம் லோன் போட்டு சேரலாம்னு வீட்ல பேச்சு ஓடுது. மூணு வருஷமா மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஓட்டுறேன். கம்ப்யூட்டர் ஐ5 10400எஃப், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 6 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி. காசு குடுத்து அதுல தனியா சேக்கிற ஒரு போயிங் 737 விமானமும் (ஆட்ஆன்), திருச்சி ஏர்போர்ட் சீனரியும் வாங்கி வச்சிருக்கேன். கையில 25,000 ரூபா சேத்திருக்கேன். அதோட புது வெர்ஷன் 2024 வாங்கலாமா, இல்ல இன்னும் ரெண்டு மூணு அப்டேட் வரட்டும்னு பொறுக்கலாமா, இல்ல அந்தக் காசுல கிராஃபிக்ஸ் கார்டு மாத்தலாமா? பைலட் ஆகப்போறவங்களுக்கு எக்ஸ்பிளேன் 12-ங்கிற இன்னொரு சிமுலேட்டர்தான் சரின்னும் சில பேர் சொல்றாங்க. ஜாய்ஸ்டிக் இல்ல, கீபோர்டு மவுஸ்லதான் ஓட்டுறேன். என்ன பண்ணலாம்னு சொல்லுங்க சார்.

பதில்:

தம்பி, வணக்கம். உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். முதல் தடவ படிக்கும்போது 2020-ஆ 2024-ஆங்கிற கேள்விதான் கண்ணுல பட்டுச்சு, ரெண்டாவது தடவ படிக்கும்போதுதான் போற போக்குல சொல்லிட்டுப் போன அந்த கீபோர்டு மவுஸ் விஷயத்துல நின்னுட்டேன். அதுக்குக் கண்டிப்பா வரேன், அதுதான் இந்தப் பதில்லயே முக்கியமான இடம்.

முதல்ல நான் எந்த இடத்துல இருந்து பேசுறேன்னு சொல்லிடறேன். பதினேழு வருஷமா ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டர் மெயின்டனன்ஸ்ல இருக்கேன், அதாவது ஆறு கால்ல நிக்கிற அந்த பெரிய வெள்ளை டப்பாக்குள்ள ஏர்லைன் பைலட்டுங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து இன்ஜின் ஃபெயிலியரெல்லாம் பண்ணிப் பாத்துட்டுப் போவாங்களே, அத ஓட வச்சுக் குடுக்கிற வேலை. வீட்லயும் 2020, 2024 ரெண்டும் வச்சிருக்கேன். அதனால சாஃப்ட்வேர மாத்தறதா வேண்டாமாங்கிற கேள்வி எனக்கு வேலையிலயும் வரும், வீட்லயும் வரும்.

வேலையில நடந்த ஒண்ண சொல்றேன். எங்களுக்கு மெயின்டனன்ஸ் ஸ்லாட் ராத்திரி 2 மணில இருந்து காலைல 6 வரைக்கும், மத்த நேரமெல்லாம் பைலட்டுங்க உள்ள இருப்பாங்க. பல வருஷத்துக்கு முன்னாடி, அப்போ நான் வேற ஒரு இடத்துல இருந்தேன், ஒரு ராத்திரி விஷுவல் சிஸ்டத்துக்கு, அதாவது வெளிய தெரியற காட்சிய காட்டுற பகுதிக்கு, புது லோட் (சாஃப்ட்வேரும் டேட்டாவும்) ஏத்துனோம். படம் பளிச்னு இருந்துச்சு, மழை அழகா இருந்துச்சு, டாக்ஸிவே லைட்டெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், நேரம் வேற ஆயிடுச்சுன்னு டெஸ்ட முழுசா ஓட்டாமயே 6 மணி செஷனுக்குக் குடுத்துட்டோம். முதல் அப்ரோச்லயே இன்ஸ்ட்ரக்டர் இன்டர்காம்ல கூப்பிட்டாரு. ஐஎல்எஸ்ல, அதாவது ரன்வேக்கு வழிகாட்டுற ரேடியோ சிக்னல்ல, இறங்குற சரிவ காட்டுற கிளைட்ஸ்லோப் ஊசி நட்ட நடுவுல நிக்குது, ஆனா ரன்வே பக்கத்துல இருக்கிற பாப்பி லைட் மூணு வெள்ளை ஒரு சிவப்பு காட்டுது. சரியான உயரத்துல வந்தா ரெண்டு வெள்ளை ரெண்டு சிவப்பு தெரியணும் இல்லையா, அப்போ உள்ள உக்காந்திருக்கிறவர் ஊசிய நம்புறதா லைட்ட நம்புறதா? புது டேட்டாபேஸ்ல அந்த ரன்வேக்கு லைட்டோட ஆங்கிள் தப்பா உக்காந்திருக்கு. நல்லவேளை பழைய லோட் இருந்த டிஸ்க்க அழிக்காம ரேக்லயே வச்சிருந்தோம், அத மறுபடி போட்டு 40 நிமிஷத்துல ஓட்டிட்டோம். அந்த டிஸ்க் இல்லைன்னா அன்னைக்கு நாள் முழுக்க செஷன் கேன்சல்.

அன்னைல இருந்து வேலையிலயும் சரி வீட்லயும் சரி ஒரே வழிதான் எனக்கு. பழசு ஓடிட்டு இருக்கும்போதே புதுச பக்கத்துல வச்சு, நாம தினமும் எத ஓட்டுறோமோ அத அதுல ஓட்டிப் பாத்து, அது ஒழுங்கா ஓடுச்சுன்னா மட்டும் மாறணும். உங்க கேள்விக்கும் இதையேதான் சொல்லப் போறேன், ஏன்னா 2020-யும் 2024-ம் தனித்தனி புரோகிராம், ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கலாம், ஒண்ணு போட்டா இன்னொண்ணு போகாது. இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல, அப்கிரேடுன்னதும் பழசு மேல புதுசு ஏறி உக்காந்துடும்னு பயந்துடறாங்க.

இப்போ 2024 பத்தி. 2024 நவம்பர் 19-ந்தேதி அது வந்த அன்னைக்கு லீவு போட்டுட்டு காத்திருந்தவங்க பல பேர். லோடிங் 97 பர்சென்ட்ல போய் நிக்கும், அங்கயே நிக்கும், அவ்வளவுதான். ரெண்டு லட்சம் பேர் ஒரே நேரத்துல வர்ற மாதிரி டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்காங்க, ஆனா நிஜமா ஜனம் வந்து விழுந்தப்போ சர்வர் பக்கத்துல டேட்டாவ எடுத்து வச்சுக் குடுக்கிற கேஷ் மெமரி தாங்கல. மைக்ரோசாஃப்ட்ல இந்த சிமுலேட்டர பாத்துக்கிற ஜோர்க் நியூமனும், அத எழுதுற பிரான்ஸ் கம்பெனி அசோபோவோட செபாஸ்டியன் வ்லோக்கும் வீடியோவுல வந்து விளக்கம் சொன்னாங்க. அதுக்கப்புறம் 2025 முழுக்க அடுத்தடுத்து சிம் அப்டேட் வந்துச்சு, டிசம்பர் 8-ந்தேதி பிளேஸ்டேஷன் 5-க்கும் வந்துடுச்சு. அதனால முதல் நாள் கலாட்டாவ மனசுல வச்சுக்கிட்டு இன்னைக்கும் 2024 உதவாதுன்னு சொல்றவங்க பேச்ச நீங்க கேக்க வேண்டாம். ஆக்கப் பொறுத்தது ஆறவும் பொறுத்தாச்சு, இப்போ அது சாப்பிடற சூட்டுலதான் இருக்கு.

ஆனா உங்க தட்டுல அது கொள்ளுமாங்கிறது வேற கேள்வி. 2020 வந்தப்போ அவங்க சிபாரிசு பண்ண கார்டு ஜிடிஎக்ஸ் 970, ரேம் 16 ஜிபி. 2024 வந்தப்போ அதே ஜிடிஎக்ஸ் 970-யும் அதே 16 ஜிபியும் குறைந்தபட்ச வரிசைக்கு இறங்கிடுச்சு, சிபாரிசு வரிசைல ஆர்டிஎக்ஸ் 2080-ம் 32 ஜிபி ரேமும் ஏறி உக்காந்துடுச்சு. உங்க மிஷின் இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. ஓடும், ஓடாம இருக்காது. ஆனா மீடியம் செட்டிங்லதான் ஓடும், அதுலயும் 6 ஜிபி வீடியோ மெமரி நிறைஞ்சு போச்சுன்னா கொஞ்சம் கொஞ்சமா குறையாது, திடீர்னு விழுந்துடும், 40 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு எத்தனை படம்ங்கிற கணக்கு) போய்ட்டு இருக்கிறது 12-க்கு வந்துடும்.

ட்ரெயிலர்ல பாத்த அந்த படம் உங்க ஸ்கிரீன்ல வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. படத்த விட எனக்கு ஸ்மூத்னஸ்தான் பெருசு, ஏன்னா எங்க வேலைல பைலட் ஸ்டிக்க அசைச்சதுல இருந்து ஸ்கிரீன் அசையற வரைக்கும் 150 மில்லிசெகண்டுக்கு மேல ஆகக்கூடாதுன்னு விதி இருக்கு, அத மெஷின் வச்சு அளந்து காட்டணும். வீட்டுல அவ்வளவு வேண்டாம், ஆனா லேண்டிங்ல 50 அடி உயரத்துல மூக்கத் தூக்குறீங்க, அந்த நேரம் பாத்து படம் அரை செகண்ட் நின்னுச்சுன்னா மறுபடி அசையும்போது சக்கரம் தரைய தொட்டிருக்கும், நீங்க தூக்குனது சரியா தப்பான்னே தெரியாது. அழகான படத்துல திக்கித் திக்கி நூறு தடவ இறங்குறத விட சுமாரான படத்துல 30 எஃப்பிஎஸ்ல லாக் பண்ணி ஒரே சீரா இருபது தடவ இறங்குனா கை பழகும்.

கிராஃபிக்ஸ் கார்டு மாத்தலாமான்னு கேட்டிருந்தீங்க. காச எடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாருங்க, பத்து நிமிஷ வேலை. 2020-ல ஜெனரல் ஆப்ஷன்ஸ்ல டெவலப்பர் மோட் இருக்கும், அத ஆன் பண்ணீங்கன்னா மேல ஒரு மெனு வரும், அதுல எஃப்பிஎஸ் காட்டச் சொல்லுங்க. இப்போ சென்னை ஏர்போர்ட் கேட்ல உங்க 737-அ நிறுத்தி காக்பிட் வியூல உக்காந்து அந்த சின்ன பெட்டியப் பாருங்க, ஜிபியு-னால (கிராஃபிக்ஸ் கார்டு) தடைபடுதுன்னோ இல்ல மெயின் த்ரெட்னால தடைபடுதுன்னோ எழுதிக் காட்டும். மெயின் த்ரெட்னு காட்டுச்சுன்னா நீங்க எவ்வளவு பெரிய கார்டு வாங்கிப் போட்டாலும் அந்த இடத்துல ஒரு எஃப்பிஎஸ் கூட ஏறாது, ஏன்னா அங்க மூச்சு வாங்கறது பிராசஸர். 737 மாதிரி கனமான ஆட்ஆன், பெரிய ஏர்போர்ட், ஏஐ டிராஃபிக் எல்லாம் சேந்தா உங்க ஐ5-ல பெரும்பாலும் மெயின் த்ரெட்தான் வரும்னு நினைக்கிறேன். அப்போ டிராஃபிக்க குறைங்க, டெரெய்ன் டீட்டெயில் ஸ்லைடர 100-க்கு கொண்டு வாங்க, காசு செலவில்லாமயே வித்தியாசம் தெரியும். ஜிபியுன்னு காட்டுச்சுன்னா மேகத்த அல்ட்ரால இருந்து இறக்குங்க, அதுதான் கார்ட அதிகமா உறிஞ்சும்.

ரேம் விஷயம் மட்டும் தள்ளிப் போடாதீங்க. டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துக்குப் போனா எத்தனை ஸ்லாட் பயன்படுதுன்னு காட்டும், 16 ஜிபியும் ஒரே குச்சியா இருந்தா அதே மாதிரி இன்னொண்ணு போட்டாலே டூயல் சேனலும் கிடைச்சிடும், 32-ம் ஆயிடும், இது 2020-க்கும் உபயோகம் 2024-க்கும் உபயோகம். ஆனா 2025 கடைசில இருந்து ரேம் விலை எகிறிடுச்சு, ஏஐ டேட்டா சென்டருங்க மெமரிய அள்ளிக்கிட்டுப் போறதால கடைக்கு வர்றது குறைஞ்சு போச்சு. எலக்ட்ரானிக்ஸ் சாமான்னா பொறுத்தா விலை குறையும்னு நாம பழகிட்டோம், இங்க அது உல்டாவா போயிட்டு இருக்கு. திருச்சில ரெண்டு மூணு கடைல கேளுங்க, உங்களுது டிடிஆர்4-ங்கிறதால யாராவது பிசிய கழட்டி வித்த நல்ல செகண்ட்ஹேண்ட் குச்சி கிடைச்சாலும் வாங்கலாம், வாங்குன அன்னைக்கே மெமரி டெஸ்ட் ஒண்ணு ஓட்டிப் பாத்துட்டு வச்சுக்கோங்க.

பொறுக்கிற விஷயத்துல இன்னொரு பக்கமும் இருக்கு, அத சொல்லாம விட்டா நான் நியாயமா பேசுனதா ஆகாது. 2006 அக்டோபர்ல எஃப்எஸ்எக்ஸ், அதாவது மைக்ரோசாஃப்ட்டோட பழைய ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ், வந்துச்சு, அப்போ இருந்த எந்த கம்ப்யூட்டர்லயும் அத முழு செட்டிங்ல ஓட்ட முடியாது. 2007-ல சர்வீஸ் பேக் வந்து கொஞ்சம் தேறுச்சு. ஆனா அது 32 பிட் புரோகிராம், 4 ஜிபிக்கு மேல மெமரிய தொடவே தெரியாது, அதனால நல்ல ஆட்ஆனெல்லாம் போட்டு துபாய்ல இருந்து மூணு மணி நேரத்துக்கு மேல ஓட்டிட்டு வந்து, சென்னைல ஃபைனல்ல கியர் இறக்குற நேரத்துல டிங்னு ஒரு சத்தம் வரும், அடுத்தது டெஸ்க்டாப்தான் தெரியும். அந்த டிங் சத்தம் எங்க தலைமுறைல சிமுலேட்டர் ஓட்டுன எல்லாருக்கும் இன்னும் காதுல இருக்கு. சரி, அடுத்த வெர்ஷன் வரட்டும், அதுல 64 பிட் ஆக்கிடுவாங்க, அதுவரைக்கும் புதுசா எதையும் வாங்கப் போறதில்லன்னு ஒரு கூட்டம் பொறுத்து இருந்துச்சு. 2009 ஜனவரில மைக்ரோசாஃப்ட் அத எழுதுன ஏசஸ் ஸ்டூடியோவையே மூடிட்டாங்க. அடுத்த உண்மையான வெர்ஷன் எப்போ வந்துச்சு? 2020 ஆகஸ்ட் 18. பதினாலு வருஷம். இலவு காத்த கிளி கதைதான். அதே நேரத்துல காத்திருக்காம எக்ஸ்பிளேனுக்கும், லாக்ஹீட் மார்ட்டின் எடுத்து வளத்த பிரீபேர்3டி-க்கும் போனவங்க சும்மா இருக்காம ஓட்டிட்டு இருந்தாங்க.

பொறுத்தவங்க ஜெயிச்ச கதையும் இருக்கு. 2020 வந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு, 2021 ஜூலை 27-ந்தேதி எக்ஸ்பாக்ஸ் வெர்ஷனோட சிம் அப்டேட் 5 வந்துச்சு. முந்தின நாள் 25 எஃப்பிஎஸ்ல தவிச்சுட்டு இருந்த அதே கம்ப்யூட்டர்ல அன்னைக்கு 40-க்கு மேல போச்சு எனக்கு, ஒரு ரூபா செலவில்லாம. ரெண்டு மாசம் முன்னாடி புது கார்டு வாங்குனவங்க மனசு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஆனா அதே அப்டேட்ல தூரத்து கட்டடமெல்லாம் கிட்ட போகப்போக திடீர் திடீர்னு முளைக்கிற பிரச்சனையும் வந்துச்சு, அதுக்கு ஒரு பாடு சண்டை நடந்துச்சு. அதனால பொறுக்கிறதே நல்லதுன்னும் சொல்ல முடியாது, உடனே வாங்குறதே நல்லதுன்னும் சொல்ல முடியாது தம்பி, பொறுக்கிறதா இருந்தா எதுக்காக பொறுக்கிறோம்னு ஒரு பேர் சொல்லத் தெரியணும். "என் 737 2024-ல தானா இறங்குற ஆட்டோலேண்ட் வரைக்கும் ஒழுங்கா ஓடணும், அதுவரைக்கும் பொறுக்கிறேன்" அப்படின்னா அது பொறுமை. "இன்னும் ரெண்டு அப்டேட் வரட்டும் பாக்கலாம்"ங்கிறதுக்கு முடிவே கிடையாது, எப்பவுமே இன்னும் ரெண்டு அப்டேட் பாக்கி இருக்கும்.

சரி, எப்படி ஓட்டிப் பாக்கிறது? ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடைல நேரா வாங்கிடாதீங்க. அங்க வாங்கி 14 நாளுக்குள்ள, ஓட்டுன நேரம் 2 மணிக்குள்ள இருந்தாதான் காசு திரும்ப வரும், சிமுலேட்டர்ல 2 மணி நேரங்கிறது செட்டிங் பண்றதுக்கே பத்தாது. 2020 வந்தப்போ அது தன் பைல்கள தானே டவுன்லோட் பண்ற நேரமும் ஓட்டுன கணக்குல ஏறிட்டு, விமானத்தையே பாக்காம 2 மணி நேரத்த தாண்டிட்டோம்னு எத்தனையோ பேர் புலம்புனாங்க. அதனால பிசி கேம்பாஸ், அதாவது மைக்ரோசாஃப்ட்டோட மாசச் சந்தா, ஒரு மாசத்துக்கு மட்டும் போடுங்க, 2024-ஓட ஸ்டாண்டர்ட் எடிஷன் அதுல இருக்கு, போட்ட அன்னைக்கே ஆட்டோ ரினியூவல ஆஃப் பண்ணிடுங்க. 2020-ய தொடாதீங்க. கடையில வேலை கம்மியா இருக்கிற மாசமா பாத்துப் போடுங்க, ஆடி மாசத்துல பெயிண்ட் வியாபாரம் கொஞ்சம் மந்தமாத்தானே இருக்கும்.

அந்த ஒரு மாசத்துல ஊர் ஊரா சுத்திப் பாக்க தோணும், சுத்துங்க, ஆனா தினமும் நீங்க 2020-ல என்ன பண்றீங்களோ அதையே அதே ஏர்போர்ட்ல பண்ணிப் பாருங்க. திருச்சில ரன்வே 27-ல இறங்குவீங்கன்னா அங்கயும் 27-ல இறங்குங்க. வாங்கி வச்சிருக்கிற 737-க்கும் சீனரிக்கும் அந்தந்த கம்பெனி என்ன சொல்றாங்கன்னு முன்னாடியே பாத்துடுங்க, சில பேர் சும்மா குடுக்கிறாங்க, சில பேர் அப்கிரேடுக்கு காசு கேக்கிறாங்க, சில பேர் 2024-க்கு கொண்டு வரவே இல்ல. சிமுலேட்டருக்குள்ள இருக்கிற மார்க்கெட்பிளேஸ்ல வாங்குனதுன்னா பெரும்பாலும் கூடவே வரும், வெளிய வாங்குனதுக்குத்தான் இந்த விசாரணை. மறக்காம இதையும் கணக்குல சேருங்க, நிறைய பேர் 2024-க்கு ஒரு விலை போட்டு வச்சிட்டு அதுக்கப்புறம் ஆட்ஆனுக்கு அதே அளவு காசு போச்சேன்னு உக்காந்துடறாங்க. பட்டன் செட்டிங் எல்லாமும் முதல்ல இருந்து பண்ணணும், அதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும்.

நெட் பத்தி நீங்க எழுதவே இல்ல, ஆனா 2024-ல அதுதான் பாதி உசுரு. 2020-ல 150 ஜிபிக்கு மேல டிஸ்க்ல இறக்கி வச்சுட்டு ஓட்டுவோம், 2024-ல அதுல ஒரு பங்குதான் டிஸ்க்ல இருக்கும், விமானம் சீனரி எல்லாம் பறக்கப் பறக்க சர்வர்ல இருந்து வந்துட்டே இருக்கும். உங்க 512 ஜிபிக்கு இது நல்ல சேதிதான். ஆனா குறைந்தபட்சம் 10 எம்பிபிஎஸ், சிபாரிசு 50 எம்பிபிஎஸ்னு போட்டிருக்காங்க. 50 எம்பிபிஎஸ் முழுசா ஒரு மணி நேரம் இழுத்தா 22 ஜிபிக்கு மேல ஆகும், எப்பவும் அப்படி இழுக்காது, ஊருக்கு மேல தாழப் பறக்கும்போதுதான் அதிகம், மேல 35,000 அடில போகும்போது கம்மி. இருந்தாலும் உங்க ஃபைபர் பிளான்ல மாசத்துக்கு எவ்வளவு, அதுக்கப்புறம் ஸ்பீட் எவ்வளவுக்கு விழும்னு பாத்துக்கோங்க. மழை பெஞ்சா நெட் போற ஏரியாவா இருந்தா 2020-ய அழிக்கவே அழிக்காதீங்க, அது நெட் இல்லாமயும் ஓடும்.

எக்ஸ்பிளேன் 12 நல்ல சிமுலேட்டர், அதுல சந்தேகமே இல்ல. றெக்கைய துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொரு துண்டு மேலயும் காத்து என்ன பண்ணுதுன்னு கணக்கு போடுற முறை அதோடது, அதோட புரொஃபஷனல் வெர்ஷன வச்சு அமெரிக்கால விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ-கிட்ட அங்கீகாரம் வாங்குன ட்ரெயினிங் டிவைஸ் எல்லாம் இருக்கு. ஆனா அந்த அங்கீகாரம் ஹார்டுவேரோட சேத்து வாங்குறது, வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டா வராது. டெமோ சும்மாவே கிடைக்குது, இறக்கி ஓட்டிப் பாருங்க, கைக்குப் பிடிச்சிருந்தா அப்புறம் யோசிங்க. மூணு வருஷம் பழகுன ஒண்ண விட்டுட்டு இன்னொண்ண முதல்ல இருந்து பழகுறதுக்கு உங்களுக்கு இப்போ நேரம் இல்லங்கிறது என் அபிப்பிராயம்.

இப்போ கீபோர்டுக்கு வரேன். தம்பி, மூணு வருஷமா கீபோர்டுல ஓட்டுறீங்க, 2024 வாங்கலாமான்னு யோசிக்கிறீங்க, கிராஃபிக்ஸ் கார்டு மாத்தலாமான்னு யோசிக்கிறீங்க. உங்க கையில இருக்கிற 25,000-ல முதல்ல போக வேண்டியது ஒரு ஜாய்ஸ்டிக்குக்கு. கீபோர்டுல ஒரு சாவிய தட்டுனா மூக்க ஏத்தி இறக்குற எலிவேட்டர் ஒரு படி போகும், விட்டா நிக்கும். நிஜ செஸ்னா பயிற்சி விமானத்துல யோக்க (ஸ்டியரிங் மாதிரி) பிடிச்சிருக்கும்போது கை முழுக்க அழுத்தம் தெரியும், ட்ரிம் போட்டு அந்த அழுத்தத்த எடுக்கணும், கை விட்டா விமானம் அங்கயே நிக்கணும். அந்தப் பழக்கம் வராம ஃப்ளையிங் ஸ்கூலுக்குப் போனீங்கன்னா முதல் பத்து மணி நேரம் கைய சரி பண்றதுக்கே போயிடும், அங்க ஒரு மணி நேரத்துக்கு ஆகுற காசுல இங்க நாலஞ்சு ஜாய்ஸ்டிக் வாங்கலாம். பெருசா எதுவும் வேண்டாம், லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ மாதிரி திருகுனா ரட்டர் (மூக்க இடம் வலமா திருப்புறது) வேலை செய்யிற சாதாரண ஸ்டிக் ஒண்ணு போதும், ரட்டர் பெடல் அப்புறம் பாத்துக்கலாம். அது வந்த அன்னைக்கு 737-அ ஒரு ஓரமா நிறுத்திட்டு செஸ்னா 172-அ எடுங்க. 2,000 அடில 90 நாட் வேகத்துல ட்ரிம் பண்ணிட்டு ஸ்டிக்க விடுங்க, விமானம் உயரம் மாறாம அப்படியே போகணும். போகலைன்னா மறுபடி ட்ரிம். இத ஒரு வாரம் பண்ணீங்கன்னா நான் சொல்றது உங்களுக்கே புரியும், அதுக்கு 2020-யே தாராளம்.

இன்னொண்ணு, இது சாஃப்ட்வேர் விஷயம் இல்ல, ஆனா லோன் போடப் போறீங்கன்னு எழுதுனதால கேக்கிறேன், நம்ம நாட்டு விமானத்துறை டிஜிசிஏ-வோட கிளாஸ் 2 மெடிக்கல் எடுத்தாச்சா? எடுக்கலைன்னா இந்த மாசமே எடுங்க. கலர் விஷன்ல ஒண்ணு வந்து, லோன் போட்டு சேந்ததுக்கு அப்புறம் தெரிஞ்சு உடைஞ்சு போனவங்கள எங்க சென்டர்லயே பாத்திருக்கேன், அதனாலதான் சிமுலேட்டர் கேள்விக்கு நடுவுல இத நுழைக்கிறேன். வீட்ல எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓட்டுனாலும் சிபிஎல்லுக்கு வேண்டிய 200 மணி நேரத்துல அதுல ஒரு நிமிஷம் கூட சேராது, அது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். சேரலைன்னாலும் பரவால்ல, செக்லிஸ்ட், விஓஆர் டிராக்கிங் (ரேடியோ சிக்னல பிடிச்சுப் போறது), ஹோல்டிங் (ஒரே இடத்துல சுத்திக் காத்திருக்கிறது), இன்ஸ்ட்ருமென்ட் மேல கண்ண எப்படி ஓட்டுறதுங்கிறது எல்லாம் வீட்லயே ஊறிப் போயிருக்கிற பையன் உள்ள வந்து உக்காந்த அஞ்சு நிமிஷத்துல எங்களுக்குத் தெரிஞ்சிடும்.

2024-ல உங்களுக்கு நிஜமா உபயோகப்படற ஒண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். விமானத்த விட்டு இறங்கி சுத்தி நடந்து வேகம் அளக்கிற பிட்டாட் குழாயோட கவர் எடுத்து, சக்கரத்துக்கு வச்ச சாக் கட்டைய எடுத்து, பறக்கிறதுக்கு முன்னாடி பாக்கிற ப்ரீஃப்ளைட் பண்ணலாம், தரையில சக்கரம் உருளுறதும் 2020-ய விட நிஜமா இருக்கு. கேரியர் மோட்ல பயிருக்கு மருந்தடிக்கிறது, தீ அணைக்கிறது, ஆம்புலன்ஸ் விமானம் ஓட்டுறதுன்னு ஆசையா நிறைய இருக்கு, ஆனா அது விளையாட்டு, பரீட்சைக்கு படிக்கிற வருஷத்துல அதுக்குள்ள போனா ராத்திரி 2 மணி ஆகுறது தெரியாது. அந்த ப்ரீஃப்ளைட்டுக்காகவே கேம்பாஸ் மாசத்த நல்லா பயன்படுத்துங்க, மாசக் கடைசில உங்க மிஷின்ல சென்னைல 30 எஃப்பிஎஸ் குறையாம வந்து, 737-ம் ஒழுங்கா ஓடுச்சுன்னா ஆஃபர் வரும்போது ஸ்டாண்டர்ட் எடிஷன் மட்டும் வாங்குங்க, ஏவியேட்டர் எடிஷன்ல 125 விமானம் இருக்குன்னு போடுவாங்க, உங்களுக்கு வேண்டியது ரெண்டு. ஓடலைன்னா கேம்பாஸ் முடிஞ்சதும் அழிச்சிட்டு 2020-யிலயே இருங்க, ரேமுக்கு போக மிச்சம் இருக்கிற காச மெடிக்கல் ஃபீஸுக்கும் ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி புக்குக்கும் வச்சுக்கோங்க.

விண்டோஸ் 10-லயே இருக்கீங்கன்னா அதுக்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு, உங்க ஐ5-ல 11 ஏறும், எத இன்ஸ்டால் பண்றதுக்கும் முன்னாடி அத முடிச்சிடுங்க.

ஸ்டிக் வாங்கி ட்ரிம் பண்ணிப் பாத்துட்டு எத்தனை செகண்ட் கை விட்டு நின்னுச்சுன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல நின்னுச்சுன்னா அடுத்து என்ன பண்ணணும்னு சொல்றேன்.